மாமனார் பூசிய சிமெண்ட்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்து, மாமனார் ஊரின் பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கும் கமிட்டிக்குத் தலைவரான வுயானிக்கு, தலைவாசலுக்கு மேலே இருந்த சிமெண்ட் பூச்சைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

"எந்தக் காட்டான் பூசினான் இதை? உள்ளே வெள்ளைக்காரன் செதுக்கின எழுத்து இருக்கு."

"எங்கப்பாதாங்க பூசினார்," என்றாள் மனைவி நொமொண்டே. "காரணம் கேட்டா சொல்லமாட்டார். யாரும் அதுல கை வைக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். விட்டுடுங்களேன்."

"உங்கப்பாவுக்கு மாடு மேய்க்கத் தெரியும். கல்வெட்டோட அருமை எங்கே தெரியும்? குடிசைக்குச் சாணி பூசற மாதிரி பூசி வெச்சிருக்கார். அந்தக் காலத்துல எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கணும்."

திறப்பு விழாவன்று பிஷப்பும் ஊரும் அண்ணாந்து பார்க்க, வுயானி ஏணியில் ஏறி உளியால் நெம்பினார். பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது.

"எனக்குக் கண்ணு தெரியல. சத்தமா வாசிப்பா," என்றார் பிஷப்.

வுயானி தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார்.

"கறுப்பர்கள்..."

அடுத்த வார்த்தைகளை உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார். கீழே நின்ற ஒருவர் மிச்சத்தைப் படித்தார்: "பின்வாசல் வழியாக வரவும்."

நொமொண்டே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க. நீங்க கேட்ட மாதிரியே அந்தக் காலம் வந்துடுச்சு. வாங்க, கொல்லைப்பக்கமாப் போவோம்."