வலி இல்லாத காலை

முதுகெலும்பு தேய்ந்து வேலையை விட்ட பேருந்து ஓட்டுநர், பல நாள் கழித்து வலியில்லாமல் எழுந்து, வாசல் வெயிலில் மகளை அலாக்காகத் தூக்குகிறான். அவள் சிரிப்பு தெருவெங்கும் சிதறுகிறது. எதிர்வீட்டுக்காரருக்கு அதற்குள் மூக்கு வியர்த்துவிட்டது. கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார். "கீழ விடுங்க!" மனைவி பல்லைக் கடிக்கிறாள். "படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிருவாரு. இப்பதான் கிடைச்ச ஊனமுற்றோர் உதவித்தொகையும் போயிரும்." வலிக்காத ஒரு காலைகூடக் குற்றமா? மகளை இறக்குகிறான். இன்று தேவைப்படாத ஊன்றுகோலை எடுத்துத் தரையில் ஓங்கிக் குத்துகிறான். "நல்லா எடுங்க சார்!" என்று கத்திவிட்டு, எப்போதையும்விட அதிகமாக நொண்டிக்கொண்டு உள்ளே போகிறான். பின்னாலேயே ஓடிவந்த மகள், எம்பி எம்பி ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறாள். "இப்ப தூக்குங்கப்பா. நான் சிரிக்க மாட்டேன்."