படம் தொங்கிய ஆணி

படத்தை ஆணியிலிருந்து இறக்கிவிட்டு, அதே ஆணியில் சூட்டு விளக்கைத் தொங்கவிட்டேன்.

மச்சாள் பாசலில் ரயில் ஏறிவிட்டார். அவர் எங்கள் வில் நகருக்கு வந்து சேர்வதற்குள் கூடு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

என் தோள் உயரத்துக்கு ஒரு வலைக்கூடு. எங்கள் வீட்டில் அதற்குப் பொருத்தமான இடம் ஹோலின் கிழக்கு மூலை ஒன்றுதான். டிவி தெரியாது, குசினிப் புகை வராது, காலையில் வெயில் விழும்.

என் மகள் நிருசா போன கிழமை பெரிய பிள்ளையானாள். அவளை இருத்த வேண்டும் என்று மச்சாள் தொலைபேசியில் சொன்னதும் இதே மூலையைத்தான்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, சந்திரமதி. நிருசாவுக்கு மாமி முறை. தண்ணி வார்க்கும் உரிமை அவருடையது, அதை அவர் உயிர் போனாலும் விடமாட்டார். பூப்புச் சடங்குக்கு, சாமத்திய வீட்டுக்கு, மண்டபம் பார்த்தாயிற்று. வீடியோக்காரருக்குச் சொல்லியாயிற்று. பிள்ளை பல்லக்கில் வருவதா, குதிரை வண்டியில் வருவதா என்பதுதான் பாக்கி.

எங்களை யாரும் கேட்கவில்லை. நிருசாவைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

மேடை வேண்டாம், சனம் வேண்டாம், பச்சோந்தி போதும் என்றாள். அது அவள் இரண்டு வருடமாகக் கேட்பதுதான். கன்டோன் அரசின் மிருக வைத்தியர் தர வேண்டிய அனுமதியும் அந்தக் கிழமையே வந்து சேர்ந்தது.

இந்தச் சுவிசில் விரல் நீளப் பச்சோந்தி ஒன்றை வளர்க்க அனுமதி வேண்டும். கூட்டின் அளவு சொல்ல வேண்டும், வெளிச்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சோடித்து நானூறு பேருக்கு முன்னால் மேடையில் ஏற்றுவதற்கு ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

கிளைகளைச் சாய்வாகக் கட்டினேன். விளக்கடியில் ஒன்று, நிழலில் ஒன்று. சூடு வேண்டுமென்றால் ஏறும், வேண்டாமென்றால் இறங்கும், அது அதன் விருப்பம். நடுவில் பைக்கஸ் செடி. பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காதாம், இலையில் விழும் துளியைத்தான் நக்குமாம். அதற்காக மேலே சொட்டுக் குழாய் ஒன்று பூட்டினேன்.

நிருசா கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்றும் உண்டு. வந்த புதிதில் குட்டியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, தூக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பார்க்கிற கண்கள் கூடினால் பயத்தில் கறுத்துப்போகும், சாப்பாட்டை விட்டுவிடும்.

எனக்கும் யாராவது இப்படியொரு சட்டம் போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். கோபம் வந்தது. கோபத்தில் திருகாணி நன்றாக இறங்கியது.

ஒன்றுதான் இடித்தது. பக்கத்து யன்னல் கண்ணாடியில் குட்டி தன்னையே கண்டுவிடும், இன்னொன்று சண்டைக்கு வந்துவிட்டதென்று நடுங்கும். மறைப்பதற்கு அகலமாக ஏதாவது வேண்டும்.

இறக்கிய படம் சோபாவில் சாய்ந்து கிடந்தது. அளவு கச்சிதம்.

அது என்னுடைய சாமத்திய வீட்டுப் படம். யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், ஊரில், பந்தலுக்குள் எடுத்தது. தலை நிறையப் பூ, கழுத்து நிறைய இரவல் நகை, குனிந்த முகம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்கள் கல்யாணத்துக்குத் தந்தவர் மச்சாள். பதினைந்து வருடமாக ஹோலில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் வடிவு என்பார்கள். நானும் தலையாட்டுவேன்.

கூட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அதைச் செருகினேன். முதுகு குட்டியின் பக்கம், முகம் தெருப் பக்கம். அந்தப் பிள்ளையும் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும்.

நிருசா குட்டி வந்த பெட்டியைக் கூட்டுக்குள் வைத்துத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். குட்டி ஆடி ஆடி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, உச்சிக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து எங்களைக் குனிந்து பார்த்தது. எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று.

மணி அடித்தது. மச்சாள் முன்னால், ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிவந்த என் கணவர் பின்னால். மச்சாளின் பையில் உளுத்தம்மாவும் நல்லெண்ணெயும். சப்பாத்தைக் கழற்றும்போதே மூலையைப் பார்த்துவிட்டார்.

இதென்ன ஓணான் என்று கேட்பார். பிள்ளையை எங்கே இருத்துவது என்று கேட்பார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

மச்சாள் கேட்டது வேறு.

“படம் எங்கை?”

“தெருவைப் பாத்துக்கொண்டு நிக்குது மச்சாள். அண்டைக்குப் பந்தலுக்கை நீங்கள் என்னைப் பாத்த மாதிரி, என்ரை பிள்ளையை ஒருத்தரும் பாக்க விடமாட்டன்.”

மச்சாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

என் கணவர் அக்காவின் சொல்லுக்கு ஒருநாளும் மறுசொல் சொல்லாதவர். இன்றும் சொல்லவில்லை. பையைக் குசினியில் வைத்துவிட்டு வந்தார், என் கையிலிருந்த திருப்புளியை வாங்கினார், கூட்டை அசையாதபடி சுவரோடு சேர்த்து முடுக்கத் தொடங்கினார்.

அந்தப் படத்தை எடுத்தது மச்சாளின் கமரா. சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், பந்தலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னை நிமிரச் சொல்லி ஒன்றும் குனியச் சொல்லி ஒன்றும் எடுத்தார். குனிந்ததைத்தான் இங்கே கொண்டுவந்தார். தம்பியிடம் காட்டி, இது உனக்குத்தான், வளரட்டும் என்று சொல்லிவைத்தார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவருக்கு இருபத்தாறு.