ஸ்டாண்டுக்கு ஒரு கல்

வாய்க்கால் கரைகளிலேயே போகும் என் சைக்கிள் பயணத்தின் மூன்றாம் நாள், இடிந்த சோழர் கோயில் ஒன்றைப் பார்க்க இறங்கினேன். கரை மண் ஈரம். என் சைக்கிள் ஸ்டாண்டு புதைந்து புதைந்து சாய்ந்தது. படித்துறை ஓரமாக உள்ளங்கை அகலக் கல் ஒன்று பாதி புதைந்து நின்றது. அதைப் பிடுங்கி, ஒட்டியிருந்த எள்ளைத் துடைத்துவிட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போய், எந்தச் சிற்பத்தையும் தொடாமல் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஈர வேட்டியுடன் ஒருவர் நீரோரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் தங்கை சோற்றுச் சட்டியுடன் நின்றாள்.

"சார், அம்மாவுக்குக் கல்லு ஊனியிருந்தோம். நாளைக்குத்தான் பத்தாம் நாள் காரியம். அதுவரைக்கும் அம்மா அதுலதான் இருக்கு. யாராச்சும் எடுத்தாங்களா, பாத்தீங்களா?"

"இல்லையே" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அந்தப் பெண் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கிடந்த கல் ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுவிப் பார்த்தாள். "இது இல்லண்ணே." நானும் இறங்கி அவர்களோடு தேடினேன். கோரைப் புல்லைக்கூட விலக்கிப் பார்த்தேன்.

"நீங்க ஏன் சார் சேத்துல காலை வைக்கிறீங்க, ஊரு பாக்க வந்தவங்க" என்றார் அவர். பிறகு மேலே பார்த்தார். "சைக்கிளு வெயில்ல நிக்குதே, டயரு வெடிச்சுரும். நிழல்ல தள்ளி வுடுறேன்."

நான் வாயெடுப்பதற்குள் கரையேறிப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.