கடைசிக் கோப்பை

காலை வெயில் சமையலறை மேசையில் குறுக்காக விழுந்து, ஐந்து கோப்பைகளிலிருந்தும் எழும் ஆவியைத் தனித்தனி இழையாகக் காட்டுகிறது. புதினா, இஞ்சி, எலுமிச்சைப் புல், ஏலக்காய், செம்பருத்தி. அக்கா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேக்கரியில் அடுப்பைத் திறக்காமலே, கேக் வெந்துவிட்டதா என்று மணத்தை வைத்துச் சொல்கிறவள். காய்ச்சல் வந்துபோன பிறகு அவள் மூக்கு எதையும் சொல்வதில்லை. தங்கை புதினாவை நீட்டுகிறாள். "வெந்நீர்," என்கிறாள் அக்கா. இஞ்சிக்கு, "தொண்டை எரியுது. ஆனா வெந்நீர்தான்." அடுத்ததும் வெந்நீர். அதற்கடுத்ததும். கோப்பைகளைக் கழுவிவைத்த அக்காவின் கணவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, "அவசரமே இல்ல, மெதுவா," என்கிறான். கடைசியாகச் செம்பருத்தி. கோப்பை உதட்டுக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது. அக்காவின் மூக்கு முயலுடையதுபோலத் துடிக்கிறது. "சீ! இத யாரு கழுவினது? ஒரே சோப்பு நாத்தம்!" தங்கை கோப்பையைப் பிடுங்கி மோந்து பார்க்கிறாள். சோப்பேதான். "மாமா! நீங்க ஒழுங்கா அலசாதது இன்னிக்குத்தான் உருப்படியா உதவியிருக்கு!" அக்கா கண்கட்டை அவிழ்க்கிறாள். கண் நிறைந்திருக்கிறது, ஆனாலும் வாய் விடுவதாக இல்லை. "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு, நல்லா அலசுங்கன்னு?" அவன் வாயெல்லாம் பல்லாக, அதே கோப்பையை மறுபடி அவள் மூக்கருகே நீட்டுகிறான். "திட்டு, திட்டு. திட்டிக்கிட்டே இன்னொரு தடவ மோந்து பாரு."