சூறாவளி கனகா தோற்கிறாள்

டமாரென்று கதவு திறக்கிறது. சந்தோஷ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, போனை கிருபாகரன் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். "இன்னா மச்சான் வரைஞ்சு அனுப்பிக்கீற? போன வாரம் பஸ்ஸையே தூக்கி அடிச்ச சூறாவளி கனகா, ரெண்டு குடிகாரனுங்க கையால அடி வாங்குறா? ஹீரோ வந்து காப்பாத்துறானா? நம்ம காமிக்ஸுக்கு கதை எழுதுறவன் நானு!" "எப்பவும் அவளே ஜெயிச்சா எவன்டா நம்புவான்? பொண்ணுன்னா ஒரு அளவு வேணாமா?" என்கிறான் கிருபாகரன். குரல் பாதியிலேயே உள்ளே போகிறது. ஏரிப் பக்கத்து ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில் வீங்கிய இடது கண்ணில் விழ, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக நண்பனிடம் சொல்லி வைத்திருக்கிறான். நேற்று அம்பத்தூர் சிக்னலில் இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்து அடித்ததும், பின்சீட்டிலிருந்து இறங்கிய மனைவி ஜெபா அவர்களை ஓட ஓட விரட்டியதும், கூட்டம் கைதட்டியபோது அவன் பைக்குக்குப் பின்னால் குந்தியிருந்ததும் சந்தோஷுக்குத் தெரியாது. தோலுரிந்த விரல் முட்டிகளில் மஞ்சள் பூசிய ஜெபா, டீ டம்ளர்களைக் கொண்டுவருகிறாள். ஒன்றை சந்தோஷிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கணவனுக்கு எட்டும் தூரத்தில் சத்தமில்லாமல் வைக்கிறாள். அவன் டம்ளரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை; கம்ப்யூட்டர் திரையில் கனகாவின் உதட்டோரம் ரத்தம் வரைந்துகொண்டிருக்கிறான். அதையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு ஜெபா சந்தோஷிடம் சொல்கிறாள்: "அந்தப் பொண்ணு ரெண்டு அடி வாங்கிட்டுப் போவட்டும்ணா. நேத்துலேர்ந்து இவரு என்னாண்ட பேசவேயில்ல."