பத்தரைக் கிலோ

"அண்ணாச்சி, அந்த சைக்கிளைக் கொஞ்சம் குடுங்க. தூக்கிப் பாக்கணும்."

செந்தில்வேல் திடுக்கிட்டுத் திரும்பினார். மதியம் இரண்டு மணி. பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் கடைக்குள் வந்திருந்தாள். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. தூத்துக்குடி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் பலரும் அப்படித்தான் வருவார்கள். ஆனாலும் இவள் வந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சாப்பாட்டு நேரம்மா. நாலு மணிக்கு மேல வாங்க."

"நாலு மணிக்குப் பிள்ளையளைக் கூப்பிடப் போவணும். பத்தே நிமிஷம் அண்ணாச்சி. ரோட்டுல ஓட்டுறதுக்கு லேசான சைக்கிளா ஒண்ணு வேணும்."

கையில் பிடித்திருந்த சாம்பல் நிறச் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, செந்தில்வேல் வேறொன்றைக் காட்டினார். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர்.

"இதைப் பாருங்க. மலையே ஏறும்."

"நம்ம ஊர்ல ஏது மலை? உப்பைக் குவிச்சு வச்சிருக்கதுதான்." அவள் அதைத் தூக்க முயன்று, முடியாமல் விட்டாள். "வளைஞ்ச கைப்பிடியும் எனக்கு வேண்டாம். துறைமுக லாரிக்கு நடுவுல குனிஞ்சுக்கிட்டுப் போவ முடியாது. நேர் கைப்பிடியா இருந்தா நிமிந்து பாக்கலாம்."

தொழில் விஷயம் என்று வந்துவிட்டால் செந்தில்வேலால் வாயைக் கட்ட முடியாது.

"அப்ப ஷாக்கே வேண்டாம்மா. அது சும்மா ரெண்டு கிலோ சுமை. டயர் ரொம்ப ஒல்லியாவும் வேண்டாம், குழியில மாட்டும். பிரேம் அலுமினியமா இருக்கணும். உப்பு லாரி தண்ணி சொட்டிக்கிட்டே போவுதுல்லா, இரும்புன்னா ஒரே வருசத்துல துரு ஏறிரும்."

"இதெல்லாம் எதுல இருக்கு?"

செந்தில்வேல் சாம்பல் நிறச் சைக்கிளை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். அவள் பார்வை அவர் கையில் இருந்த சைக்கிளுக்குப் போனது.

"அது எவ்வளவு எடை?"

"பத்தரைக் கிலோ. தூக்கிட்டு ஓடிறலாம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அதை வாங்கித் தோள்வரை தூக்கிப் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள்.

"சத்தமே வராதுல்லா?"

"வராது."

"இதுக்கு நம்பர் பிளேட்டெல்லாம் கிடையாதே?"

"சைக்கிளுக்கு ஏதும்மா அது?"

அவள் மூலையில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "அது ஓடுதா?"

"இல்ல. வயர் போயிட்டு."

"நல்லதாப் போச்சு. அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாரேன்."

இந்தத் தொழிலில் இருபது வருஷம். யார் எதற்காக எதைக் கேட்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. மறுக்க வாயெடுப்பதற்குள் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, சைக்கிளோடு வெளியேறிவிட்டாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். செந்தில்வேல் ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவள் விட்டுப்போன ஸ்கூட்டரையும் பார்த்தார். சீட் கிழிந்து, பெயின்ட் உதிர்ந்து நின்றது. விற்றால் சைக்கிள் விலையில் கால்வாசிகூடத் தேறாது. கடையில் இருந்த மற்ற சைக்கிள்களெல்லாம் நீளச் சங்கிலியில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தன. இருந்ததிலேயே நல்லதைத்தான் அவள் கொண்டுபோயிருக்கிறாள்.

'இத்தனை வருஷ அனுபவத்துல ஒரு பொம்பளைகிட்டப் போய் ஏமாந்துட்டமே' என்று தலையில் அடித்துக்கொண்டபோது, வெளியே பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது.

அவள்தான். துப்பட்டாவை அவிழ்த்திருந்தாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

"கடல்காத்து எதிர்த்து அடிக்கி அண்ணாச்சி. ஆனாலும் கிண்ணுன்னு போவுது. இருபது வருசமா சைக்கிளைத் தொடல. கடை வாசல்லயே விழுந்தா கேமராவுல பதிஞ்சு வாட்ஸ்அப்புல வந்துருமேன்னு பயம். இப்ப அது போயிட்டு. இதையே எடுத்துக்கிடுதேன்."

செந்தில்வேலுக்கு மூச்சு வந்தது. "சத்தம் வராதான்னு கேட்டீங்களே?"

"காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும். அத்தை முழிச்சா விடமாட்டாங்க. மூணாவது மாடி, லிப்ட் கிடையாது, அதான் தூக்கிப் பாத்தேன். பேரு உமாராணின்னு பில் போடுங்க."

"ரொக்கமாக் குடுத்தா கொஞ்சம் குறைச்சுக்கிடலாம்மா."

"ரொக்கமெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா?"

அவள் மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் வரவு என்று கடை அதிரச் சொன்னது. செந்தில்வேல் அந்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தார்.

"பில் புக்கு வீட்டுல இருக்கும்மா."

"பரவால்ல. நான் சைக்கிள்லயே வீட்டுக்குப் போறேன். ஸ்கூட்டரை எடுக்க எங்க வீட்டுக்காரர் பத்து நிமிஷத்துல வருவாரு, அவர்ட்ட சாவியைக் குடுத்து விடுங்க. இந்தப் பக்கத்து ஸ்டேஷன்லதான் இன்ஸ்பெக்டர்."

இன்ஸ்பெக்டர் மனைவியையா சந்தேகப்பட்டோம்! செந்தில்வேல் தலையை மட்டும் ஆட்டினார். அவள் பெல்லை அடித்துக்கொண்டே தெரு முனையில் திரும்பி மறைந்தாள்.

சாப்பிட வீட்டுக்குப் போன கடை முதலாளியும் ஸ்கூட்டரை எடுக்க இன்ஸ்பெக்டரும் வருவதற்குள், கள்ளச்சாவி போட்டுத் திறந்த ஷட்டரை இறக்கிவிட்டு வெறுங்கையோடு ஓட்டமெடுத்த செந்தில்வேலுக்கு ஒரே வயிற்றெரிச்சல்தான்: திருட வந்த சைக்கிளை இவ்வளவு பாடுபட்டு விற்றுக் கொடுத்தும் அவனுக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.