முதுகு யாருடையது?

செங்கல் சூளையில் மண் சுமந்து சுமந்து, சாம்பி என்ற பெட்டைக்கழுதைக்கு முதுகெல்லாம் புண். உழைக்கிற மிருகங்களுக்கு நிழலும் ஓய்வும் கிடைக்கிறதா என்று பார்த்துவர, எல்லா நாட்டு விலங்குகளும் சேர்ந்து அனுப்பிய நாரை ஒருநாள் அங்கே வந்தது. அது வருமுன்பே, சூளையை நடத்திய நரி கழுதைகளின் முதுகில் பளபளவென்று புதுத்துணி போர்த்திவிட்டது.

நாரை மதில்மேல் உட்கார்ந்தபடியே நரியிடம் கேட்டது: "இவங்களுக்கு இங்கே ஏதாவது குறை உண்டா?"

"குறையா? பெத்த பிள்ளைங்க மாதிரி வச்சிருக்கேன், ஐயா."

"ரொம்ப நல்லது" என்று நாரை பறக்கச் சிறகை விரித்தது.

சாம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நில்லுங்க! முதுகு என்னுது, கேள்வி அவனுக்கா?" என்று கத்தி, துணியைப் பல்லால் கடித்து இழுத்தது. சீழில் ஒட்டியிருந்த துணி தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"நன்றி கெட்ட கழுதை!" என்று நரி பாய்ந்தது. அதற்குள் மற்ற கழுதைகளும் ஒவ்வொன்றாகத் துணியை உதறின.

நாரை மதிலைவிட்டு இறங்கி, நரியைத் தாண்டி வந்து, சாம்பியின் எதிரில் நின்றது. "சொல்லுங்கம்மா."

"முதல்ல கிட்ட வந்து இந்த நாத்தத்தை மோந்து பாருங்க" என்றது சாம்பி. "அப்புறம் சொல்றேன்."